நிரலில் திணைவழுக் காத்தல்

சொல்லிலக்கணம் கற்கப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படுவது வழுவும் வழாநிலையும் பற்றிய ஆராய்ச்சியே. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கம், உயர்திணை அஃறிணை என்னும் பாகுபாட்டோடு தொடங்கித் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்பவற்றிற் சொற்கள் தம்முள் மயங்காது நிற்குமாற்றை விரித்துரைக்கின்றது. 'அவன் வந்தது' என ஒருவர் கூறின் கேட்போர்க்குப் பொருள் ஒருவாறு விளங்கும். ஆயினும், பெயரின் திணையும் வினையின் திணையும் மாறுபட்டமையால் அது வழுவாயிற்று. இவ்வாராய்ச்சி மக்கள் பேசும் மொழிக்கே உரியது, பொறிகளுக்குக் கட்டளையிடும் மொழிகளுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றே யாமும் ஓராண்டின் முன்வரை எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சியொன்று எம் தமிழ் மன்றத்தில் நேர்ந்தது. அதனையும், அதன் வாயிலாக யாம் கற்ற 'வகைக்குறிப்பு' என்னும் முறையையும் ஈண்டு எழுதப் புகுகின்றோம். கணினி நூல் பயிலாத அன்பர்களும் படித்தற்கு ஏற்றவாறு எழுத முயன்றுள்ளோம்.

சென்ற ஆண்டு மன்றத்தின் சார்பிற் செய்யுட் போட்டி ஒன்று நடைபெற்றது. வந்த செய்யுட்களை யாப்பமைதி நோக்கிப் பிரித்து ஆசிரியரிடம் சேர்ப்பிக்கும் வேலை மாணாக்கராகிய எம்பால் விடப்பட்டது. வந்தவற்றுள் வெண்பாக்களே மிகுதி; கட்டளைக் கலித்துறை மூன்றே. கட்டளைக் கலித்துறைக்கு எழுத்துக் கணக்கு உண்டென்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். நேரசையில் தொடங்கும் அடி ஒற்று நீக்கி 16 எழுத்துப் பெறுதல் வேண்டும். நிரையசையில் தொடங்குவது 17 எழுத்துப் பெறுதல் வேண்டும். மூன்று பாட்டுக்குப் பன்னிரண்டு அடி. விரல்விட்டு எண்ணினாலும் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் யாமும் எம் வகுப்புத் தோழர் ஒருவரும் மேனிலைப் பள்ளியிற் பைத்தான் என்னும் நிரல்மொழியைச் சிறிது கற்றிருந்தோம்; தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியற் பாடநூலில் அம்மொழி இடம்பெற்றுள்ளமை பலரும் அறிந்ததே. கற்றதைக் காட்டவேண்டும் என்னும் ஆசை யாரை விட்டது! எழுத்தெண்ணும் வேலையை ஒரு நிரலுக்கு விடுவதெனத் துணிந்தோம்.

வேலையை இரு கூறாக்கினோம். ஓரடியை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் செயற்கூற்றைத் தோழர் எழுதினார். பிரிந்தவற்றுள் ஒற்று நீக்கி எஞ்சியவற்றை எண்ணும் செயற்கூற்றை யாம் எழுதினோம். செயற்கூறாவது, ஒரு பொருளை வாங்கி, அதன்மேல் ஒரு வேலையைச் செய்து, மற்றொரு பொருளைத் திருப்பித் தரும் நிரற்பகுதி. எம் செயற்கூறு வாங்கும் பொருளுக்கு 'அடி' எனப் பெயரிட்டோம்.

கணினியில் எழுதிய அடியை மீண்டும் எழுத்தாகப் பிரிப்பானேன் என்று சிலர் வினவலாம். இன்று கணினிகள் வழங்கும் ஒருங்குறி முறையில், தமிழ் உயிர்மெய் ஒவ்வொன்றும் தனியிடம் பெற்றதன்று. 1988-ஆம் ஆண்டின் இந்தியக் குறிமுறையைத் தழுவி 1991-இல் வெளிவந்த அம்முறை, அகரமேறிய மெய்க்கு ஓரிடமும், அதன்மேல் ஏறும் உயிர்க்குறிக்கு ஓரிடமும், புள்ளிக்கு ஓரிடமும் வகுத்தது. 'கட்டளை' என்பது நமக்கு க, ட், ட, ளை என நான்கெழுத்து. பொறிக்கோ க, ட, புள்ளி, ட, ள, ஐகாரக்குறி என ஆறு. எழுத்தொவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் வேறொரு குறிமுறையையும் தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றுக்கொண்டதுண்டு. ஆயினும் நம் கைப்பேசியிலும் கணினியிலும் வழங்குவது ஒருங்குறியே. ஆதலின், எழுத்தெண்ண விரும்புவோர் முதலிற் குறிகளைத் திரட்டி எழுத்தாக்கிக்கொள்ளுதல் வேண்டும். இதற்கென முத்தையா அண்ணாமலை முதலியோர் ஆக்கியளித்த 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரற்றொகுதி உளது. தோழர் அதனைத் துணைக்கொண்டே தம் கூற்றை முடித்தார்.

பிழை நேர்ந்தது இரண்டையும் இணைத்த இடத்திலாம். எமக்கு 'அடி' என்றது பிரித்து வைத்த எழுத்துப் பட்டியல். இணைத்த தோழர்க்கு 'அடி' என்றது பாட்டின் அடி, அதாவது பிரியாத முழுத்தொடர். அவர் தொடரை அப்படியே எம் செயற்கூற்றிற்குக் கொடுத்துவிட்டார். எம் செயற்கூறோ கொடுத்ததை மறுக்கவில்லை. பட்டியலாயின் அதன் உறுப்புக்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும். தொடராயின் அதன் குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும். பைத்தான் மொழியில் இரண்டும் வரிசையாக எண்ணத் தகுந்தனவே. புள்ளியில் முடிவதை விடுக, ஏனையவற்றை எண்ணுக என்பது யாம் இட்ட கட்டளை. ஆகவே 'கட்டளை' என்னும் சொல்லைப் பட்டியலாகப் பெற்றிருப்பின் ட் ஒழித்து மூன்று என்றிருக்கும். தொடராகப் பெற்றமையாற் புள்ளி ஒன்றையே ஒழித்து ஐந்து என்றது. பொறி நின்றுவிடவில்லை, பிழையென்று முறையிடவும் இல்லை. அமைதியாகப் பொய்க்கணக்குத் தந்தது.

யாம் சோதித்துப் பாராமல் இல்லை. கமல, பவள, மரகத என்னும் மூன்று சொற்களை இட்டுப் பார்த்தோம். மூன்று, மூன்று, நான்கு என வந்தது, மகிழ்ந்தோம். குறியும் புள்ளியும் இல்லாத சொற்களையே தேர்ந்தெடுத்தோம் என்பது அப்போது எமக்குத் தோன்றவில்லை. இன்னுமொரு பேதைமையும் செய்தோம். எத்தனை எழுத்து என்பதை வெளியிடச் செய்யாமல், 'சரி', 'மிகை', 'குறை' என்னும் மூன்று விடைகளுள் ஒன்றையே நிரல் தருமாறு அமைத்திருந்தோம். மூன்று கட்டளைக் கலித்துறைக்கும் அடிதோறும் 'மிகை' என்றே விடை வந்தது. இக்காலத்து மாணாக்கர் யாப்பறியாது எழுதுகின்றனரே என்று யாமிருவரும் வருந்திப் பேசிக்கொண்டதை இப்போது நினைப்பினும் நாணம் வருகின்றது. மூன்றும் திருப்பியனுப்பப்பட்டன. பரிசு வெண்பா ஒன்றுக்குச் சென்றது.

பத்து நாட் கழித்து, வண்டியூரிலிருந்து வரும் முதலாண்டு மாணாக்கர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். மூவருள் அவரும் ஒருவர். மாலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படியில் அமர்ந்தோம். திருமலை நாயக்கர் காலத்தில் 1645-இல் வெட்டப்பட்ட அக்குளத்தின் நடுமண்டபத்தை நோக்கியவாறே அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்னர்த் தம் தாளை விரித்து, "அண்ணா, குற்றம் எந்த அடியில் என்று மட்டும் காட்டிவிடுங்கள், அடுத்த முறை திருத்திக்கொள்கின்றேன்" என்றார். யாம் முதலடியை விரல்விட்டு எண்ணினோம். பதினாறு. இரண்டாமடி பதினாறு. நான்கடியும் எண்ணி முடிந்தபின் எமக்கு நாவெழவில்லை. அவருக்கு யாம் கூறிய விடை யாது என்பதை ஈண்டு எழுதவேண்டுவதில்லை.

அன்றிரவே நிரலைப் பிரித்துப் பார்த்தோம். பிழை எங்குளது எனக் கண்டது அரைமணியில். இத்தகைய பிழையை முன்னரே அறியும் வழி உண்டோ எனத் தேடியதே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

நிரல்மொழிகள் பொருள்களை வகைப்படுத்தும் நெறியால் இருதிறத்தன. எண், தொடர், பட்டியல் முதலியன வகைகள். சி, ஜாவா முதலிய மொழிகளில், ஒரு பெயரை முதன்முதல் வழங்கும்போதே அது குறிக்கும் பொருளின் வகை வரையறுக்கப்படும். பின்னர் அப்பெயரில் வேறு வகைப் பொருளை வைக்க நிரற்பெயர்ப்பி இசையாது. பைத்தான் முதலிய மொழிகளிற் பெயருக்கு வகையில்லை. பெயர் சுட்டும் பொருளுக்கே வகை உண்டு. காலையில் எண்ணைச் சுட்டிய பெயர் மாலையிற் பட்டியலைச் சுட்டலாம். தமிழில் இதற்கு ஒப்புக் கூறுவது எளிது. 'மாடு' என்னும் பெயர் ஒருமையோ பன்மையோ எனப் பெயரை மட்டும் நோக்கி அறிதல் இயலாது. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என வினை வந்த பின்னரே பால் விளங்கும். பைத்தானிலும் நிரல் ஓடி வினை நிகழும்போதுதான் வகை வெளிப்படும். தமிழ்ச் சொற்களாலேயே நிரலெழுதுதற்கென அதே முத்தையா அண்ணாமலை ஆக்கி 2009-இல் அறிவித்த 'எழில்' என்னும் மொழியும் இவ்வினத்ததே.

வினை நிகழும்போது பொருந்தாமை வெளிப்படுமெனின் கேடில்லை. ஐந்து என்னும் எண்ணோடு 'ஏழு' என எழுதிய தொடரைக் கூட்டச் சொன்னாற் பைத்தான் உடனே நின்று குற்றம் சாற்றும். ஆனால் எல்லா வினையும் அத்துணை நேர்மையுடையன அல்ல. விடுதி உணவுக் கணக்கெழுதும் நிரலில் ஒருநாட் செலவு 60 என விசைப்பலகையிற் பெற்றதாகக் கொள்வோம். விசைப்பலகை வழி வருவதனைத்தும் தொடரே. அதனை எண்ணாக மாற்றாது மூன்று நாளுக்கென மூன்றாற் பெருக்கினால் 180 வாராது. தொடரை மும்முறை அடுக்கி 606060 என வரும். ஆறு இலட்சத்துக்கு மேலாயின் எவரும் கண்டுகொள்வர். எம் செய்யுட் கணக்கைப்போல் 'மிகை' என்ற ஒரு சொல்லில் மறைந்து நின்றால் யார் காண்பார்?

இனி வகைக்குறிப்பு வந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். பைத்தான் மொழியைக் கைடோ வான் ராசம் என்னும் டச்சு நாட்டறிஞர் 1991-இல் வெளியிட்டார். 2008-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில், செயற்கூற்றின் பெயர்களுக்கு அருகே ஒரு குறிப்பெழுத இடம் விடப்பட்டது. அதற்கு இன்ன பொருள் என விதிக்கப்படவில்லை. இதனிடையே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த யூக்கா லேத்தோசாலோ என்பவர், வகை நோக்கிப் பிழை காட்டும் 'மைப்பை' என்னும் கருவியை ஆக்கத் தொடங்கியிருந்தார். அவரும் வான் ராசமும் லூக்காஸ் லாங்கா என்பவரும் சேர்ந்து வரைந்த விதிகள், 2015 செப்டம்பரில் வந்த 3.5-ஆம் பதிப்பில் இடம்பெற்று, அக்குறிப்புக்கு வகையென்னும் பொருளை நிலைநிறுத்தின. அடுத்த ஆண்டு இறுதியிற் செயற்கூற்றுக்கு வெளியேயுள்ள பெயர்களுக்கும் குறிப்பெழுத வழி வகுக்கப்பட்டது. டிராப்பாக்ஸ் என்னும் நிறுவனம் 40 இலட்சம் வரி கொண்ட தன் பைத்தான் நிரல்களை இக்கருவியால் ஆராய்ந்ததாக 2019-இல் எழுதியது. அத்துணைப் பெரிய நிரலை எவரொருவரும் முழுதும் நெஞ்சில் வைத்திருத்தல் இயலாதென்பது வெளிப்படை. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு இத்தகைய குறிப்புக்களைச் சேர்த்து 2012-இல் வந்த டைப்ஸ்கிரிப்ட் என்பதும் இந்நோக்கினதே.

எம் செயற்கூற்றின் முதல் வரி முன்னர் 'எண்ணு(அடி)' என்று மட்டும் இருந்தது. குறிப்பெழுதியபின் அது பின்வருமாறு ஆயிற்று. வகைப்பெயர்களை மட்டும் தமிழாக்கித் தருகின்றோம்.

எண்ணு(அடி: பட்டியல்[தொடர்]) -> முழுஎண்

பெயரின் பின் முக்காற்புள்ளி, அதன்பின் வகை. பகர அடைப்புக்குள் இருப்பது பட்டியலின் உறுப்புக்களுடைய வகை. அம்புக்குறியின் பின்னிருப்பது திருப்பித் தருவதன் வகை. இவ்வொரு வரியைக் கண்டிருப்பின் எம் தோழர் பாட்டடியை அப்படியே கொடுத்திரார் என்பதில் ஐயமில்லை.

குறிப்பை எழுதியபின், பழைய பிழையை அப்படியே வைத்துக்கொண்டு நிரலை ஓடவிட்டுப் பார்த்தோம். பொறி இப்போதாவது மறுக்கும் என்றிருந்தோம். மறுக்கவில்லை. முன்போலவே 'மிகை' என்றது. வகைக்குறிப்பைப் பைத்தான் படித்து ஒருபால் வைத்துக்கொள்ளுமேயன்றி, அதற்கு மாறாக வருவதைத் தடுப்பதில்லை. அம்மொழி என்றும் அவ்வியல்பினதாகவே இருக்கும், குறிப்பெழுதுதல் எவர்க்கும் கட்டாயமாகாது என விதி வகுத்தவர்களே தெளிவுறக் கூறியுள்ளனர். அங்ஙனமாயின் இக்குறிப்பு யாருக்கு?

இவ்வினாவுக்கு விடை தேடியபோது எமக்கு நினைவு வந்தது நம் எழுத்தின் வரலாறு. ஏடெழுதினோர் பெரும்பாலும் புள்ளியிடாது எழுதினர். குற்றெழுத்தாகிய எகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. அப்புள்ளியும் ஏட்டில் விடுபட்டது. ஆகவே எரியும் ஏரியும் ஒரே வடிவாக எழுதப்பட்டன. (எம் பக்கத்தார் ஏரியைக் கண்மாய் என்பராதலின் வண்டியூரில் இம்மயக்கம் குறைவு!) எழுதியவர்க்கு மயக்கமில்லை, தாம் எழுதியது இன்னதென அவர் அறிவர். பொருளறிந்து படிக்கும் புலவர்க்கும் இடம் நோக்கி அறிதல் இயலும். ஓலைக்கு இரண்டும் ஒன்றே. இடர்ப்பட்டவர், எழுதினாரும் அல்லாத, முன்னரே பொருளறிந்தாரும் அல்லாத மூன்றாமவர். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மதுரை மிஷன் என வழங்கிய பணிக்களத்துக்கு இத்தாலியினின்று வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் அத்தகைய மூன்றாமவராகவே இம்மொழிக்குள் புகுந்தவர். ஏகார ஓகாரங்களுக்கு வேறு வடிவு வகுத்து அம்மயக்கத்தை நீக்கியவர் அவரே. பிறமொழியிற் பிறந்து, ஓரெழுத்தும் இயல்பாக விளங்காத நிலையிலிருந்து தொடங்கியவர்க்கே அக்குறை பெரிதாகத் தோன்றியது போலும். தாய்மொழியாளராகிய நாம் பல நூற்றாண்டு அதனைப் பொறுத்துக்கொண்டிருந்தோம்.

வகைக்குறிப்பும் அத்தகையதே. பொறிக்கு அது வேண்டுவதில்லை, எழுதியவர்க்கும் எழுதிய அன்று வேண்டுவதில்லை. மற்றொருவர்க்கு வேண்டும், ஆறு திங்கள் கழிந்தபின் எழுதியவரும் மற்றொருவரே. அன்றியும், குறிப்பைப் படித்து ஒத்துப்பார்க்கும் உரையாசிரியர் போன்றது முற்கூறிய மைப்பைக் கருவி. அது நிரலை ஓடவிடுவதில்லை. பெயருக்கு எழுதிய குறிப்பும் அப்பெயர் வழங்கும் இடமும் ஒக்கின்றனவா என்று மட்டும் நோக்கும். எம் பழைய நிரலை அதனிடம் கொடுத்தோம். இன்ன வரியில் 'எண்ணு' என்பதற்குக் கொடுத்தது தொடர், அது வேண்டுவது தொடர்ப் பட்டியல், இவை பொருந்தா என ஒரு நொடியிற் கூறிற்று. மூவர் செய்யுளைத் திருப்பியனுப்பியதற்குக் காரணமான பிழையை ஒரு நொடியில்!

ஆனால் யாம் முதலில் எழுதிய குறிப்பு மேற்காட்டியதன்று. அதனையும் மறையாது கூறவேண்டும். பட்டியல் என வரையறுப்பின் பிறவகை வரிசைகளைக் கொடுக்க இயலாதே, பொதுவாக எழுதுவோம் எனக் கருதி, 'வரிசை[தொடர்]' என்றே முதலில் எழுதினோம். அப்போது மைப்பை ஒரு குற்றமும் காணவில்லை. காரணம் நுட்பமானது. பைத்தானில் ஒரு தொடரை உறுப்புறுப்பாகப் பிரித்தால் ஒவ்வோருறுப்பும் தொடரேயாம். குறியொன்றேயாயினும் அதுவும் நீளம் ஒன்றுடைய தொடர். ஆகவே தொடர் என்பது தானே 'தொடர்களின் வரிசை' ஆகிவிடுகின்றது. கருவி பொய் கூறவில்லை. யாம் எழுதிய குறிப்புத் தளர்ந்தது. அகலமான குறிப்பு எழுதுவோர்க்கு இடங்கொடுப்பதுபோலப் பிழைக்கும் இடங்கொடுக்கும் என அறிந்து பட்டியல் எனச் சுருக்கினோம்.

பின்னர் அதனினும் செவ்விய வழியொன்று கண்டோம். நமக்கு வேண்டுவது வெறுந்தொடர்களின் பட்டியலன்று, எழுத்துக்களின் பட்டியல். பைத்தானில், உள்ள வகையொன்றை அடியாகக் கொண்டு புதிய வகைப்பெயர் வகுத்துக்கொள்ளலாம். 'எழுத்து' என ஒரு வகை வகுத்தோம். பொறிக்கு அது இன்னும் தொடரே. நிரல் ஓடுங்கால் இரண்டுக்கும் வேற்றுமையில்லை. ஒத்துப்பார்க்கும் கருவிக்கோ எழுத்து வேறு, தொடர் வேறு. தோழருடைய பிரிக்கும் செயற்கூறு மட்டுமே எழுத்துக்களை ஆக்கித் தரும். எம் எண்ணும் செயற்கூறு எழுத்துக்களை மட்டுமே வாங்கும். இப்போது 'வரிசை[எழுத்து]' என அகலமாக எழுதினாலும் கேடில்லை. பாட்டடியைக் கொடுத்தால், இது தொடர்களின் வரிசையேயன்றி எழுத்துக்களின் வரிசை அன்று எனக் கருவி தடுத்துவிடும். ஒருங்குறி மறைத்துவிட்ட எழுத்தென்னும் பாகுபாட்டை ஒரு பெயரால் மீட்டுக்கொண்டோம் என்னலாம். இவ்வரியை எழுதியபோது எமக்குண்டான மகிழ்ச்சி, தேர்வில் தேறியபோதும் உண்டாகவில்லை.

விரவுப்பெயர் போன்ற குறிப்பும் உண்டு. ஒரு வீட்டிற் பெண்ணுக்கும் பசுவுக்கும் செல்வி எனப் பெயரிருப்பின், 'செல்வி' என்ற அளவில் திணை விளங்காது; 'செல்வி வந்தாள்' எனின் உயர்திணை, 'செல்வி வந்தது' எனின் அஃறிணை. பைத்தானில் இரு வகைக்கு இடையே ஒரு நெடுங்கோடிட்டு, இதுவோ அதுவோ எனக் குறிப்பெழுதலாம். 2021-இல் வந்த 3.10-ஆம் பதிப்பு முதல் இவ்வாறெழுதுதல் அமைந்தது. நிகண்டிற் சொற்பொருள் தேடும் செயற்கூறு, கிடைத்தாற் பொருளைத் தரும், கிடையாதாயின் இன்மையைத் தரும். அதன் குறிப்பு 'தொடர் அல்லது இன்மை' என்பது. இதனை வாங்கியவர் இன்மையோ அன்றோ என்று சோதியாது தொடரென்றே கொண்டு வழங்கினாற் கருவி எச்சரிக்கும். சோதித்தபின் வழங்கினால், அச்சோதனைக்குப் பின்வரும் வரிகளில் அது தொடரே எனத் தானே தெளிந்துகொள்ளும். வினை வந்து பெயரின் திணையைத் தெளிவித்தல் போன்றதே இது. பள்ளியில் விரவுப்பெயரைப் பயனற்ற பாகுபாடென வெறுத்ததற்கு இப்போது வருந்துகின்றோம்.

இம்முறையை மறுப்பாரும் உளர். பைத்தானின் அழகே அதன் சுருக்கம்; பெயர்தோறும் வகையெழுதின் அது போய்விடும் என்பர். இருபது வரியில் ஒருவர் ஒருநாட் பயனுக்கு எழுதும் நிரலுக்கு அவர் கூற்றுப் பொருந்தும். அதனை யாமும் மறுக்கவில்லை. முழுதும் எழுதவேண்டுமென்னும் விதியும் இல்லை. இரு கைகள் கூடும் இடத்தில் மட்டும், அதாவது ஒருவர் எழுதிய கூற்றை மற்றொருவர் வழங்கும் வாயிலில் மட்டும், எழுதினும் பெரும்பயன் உண்டு. எம் நிரல் இருபத்தாறே வரி. ஆயினும் கை இரண்டு. இதனினும் கொடியது வேறொன்று. 'எதுவும்' எனப் பொருள்படும் ஒரு வகைக்குறிப்பு உண்டு. அதனை எழுதிய இடத்திற் கருவி கண்மூடிக்கொள்ளும். பழைய நிரல்களைச் சிறிது சிறிதாகத் திருத்தும்போது அது வேண்டற்பாலதே. ஆனால் கருவியின் வாயடைத்தற்கென்றே அதனை எங்கும் எழுதிவைத்தால், குறிப்பில்லாத நிரலினும் அது தீது. குறிப்பில்லாதது தன் வெறுமையையேனும் காட்டி நிற்கும்.

நிரலைத் திருத்திய பின்னர் வண்டியூர் மாணாக்கரை மீண்டும் கண்டு காட்டினோம். இப்போது அது அடிதோறும் எழுத்தெண்ணிக்கையையும் வெளியிடுகின்றது. அவருடைய செய்யுளின் நான்கடிக்கும் பதினாறு பதினாறாக வந்தது. மற்றையிருவர் செய்யுளும் பிழையற்றனவே. கொடுத்த பரிசைத் திரும்ப வாங்குதல் முறையன்று என ஆசிரியர் கூறிவிட்டார். மூன்று செய்யுளும் இம்மலரின் செய்யுட் பகுதியில் அச்சாகியுள்ளன.

அவர் எம் நிரலைத் தம் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு சென்று, மறுநாளே புதிய கட்டளைக் கலித்துறை ஒன்றோடு வந்தார். "அண்ணா, இரண்டாமடிக்குப் பதினேழு என்கின்றது, என் கணக்கிற் பதினாறுதான்" என்றார். அவ்வடி நேரசையில் தொடங்குவது. மைப்பையை ஓட்டினோம், ஒரு குற்றமும் இல்லை என்றது. வகைகள் யாவும் செவ்வனே ஒத்திருந்தன. அடியை எழுத்தெழுத்தாக நோக்கினோம். நடுவில் 'அஃது' என்றொரு சொல் இருந்தது. ஆய்தமும் யாப்பில் ஒற்றைப்போலவே எண்ணப்படாது விடத்தக்கது. ஆனால் அது புள்ளியில் முடிவதன்று. புள்ளியில் முடிவதை மட்டும் விடுக என்றல்லவா யாம் எழுதியிருந்தோம்? ஆய்தமும் எழுத்தே, எனவே வகையில் வழுவில்லை. இலக்கணத்தை எழுதிய எம்மிடத்தே வழு. அவர் முன்னிலையிலேயே ஒரு வரி சேர்த்தோம். பதினாறு என வந்தது. அவர் அதனை நம்பாமல், தாளை மடியில் விரித்து மீண்டும் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.